மரியதாஸ் சேர் வீட்டுக் குசினி

செய்தி பழைய அலுவலகத்து வட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலையில் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு திறந்தேன். "மரியதாஸ் சேர் இன்று விடியற்காலையில் காலமானார். மாரடைப்பு." அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் யார் எதை அனுப்பினாலும் "யாரு சொன்னது? போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை என்று கண்ட பிறகுதான் செய்தி உண்மை என்று எனக்கு உறைத்தது.

அவரோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீயும் நாலு நல்ல வார்த்தை எழுது என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் போனவுடன் தங்கம், வைரம் என்று எழுத எனக்கு வராது. அவருக்கும் அது பிடிக்காது. யாராவது தன்னைப் புகழ்ந்தால், "இவருக்கு என்ன வேணுமாம்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிற மனுஷன். அந்த மனுஷனை நான் பல வருடங்கள் சந்தேகப்பட்டேன். நான் வரைந்த முதல் வீட்டை அவர் வேண்டுமென்றே கொன்றுவிட்டார் என்று நினைத்தேன். அது மெய்யா பொய்யா என்று அவர் உயிரோடு இருந்தவரை எனக்குத் தெரியாது. அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் மலரில் போடாமல் விட்டுவிடுங்கள்.

அலுவலகம் உங்களுக்குத் தெரியும். கண்டி வாவிக்கு மேலே ஏறிப்போகிற பாதையில், சுவரெல்லாம் பாசி பிடித்த அந்தப் பழைய பங்களா. கட்டிடக்கலைப் படிப்பின் முதற்பகுதியை முடித்துவிட்டு நான் பயிற்சிக்கு அங்கே போனேன். அலுவலகம் மேடத்தினுடையது. அவருக்கு அடுத்த இடம் மரியதாஸ் சேருக்கு. இரண்டு பேரும் ஒன்றாகப் படித்த கட்டிடக் கலைஞர்கள். மேடம் வரைவார், சேர் குறை கண்டுபிடிப்பார் என்று நீங்களே சொல்வீர்கள். அங்கே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் அவரும் நானும் மட்டும்தான். அதனால் கொஞ்சம் பாசமாக நடந்துகொள்வார் என்று நம்பிப் போனேன்.

"எந்தப் பக்கம் வீடு?" என்று முதல் நாள் கேட்டார்.

"மஹய்யாவ, சேர்."

"மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி வருமா?"

"வராது சேர்."

"பொய்" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

வரும்தான். மஹய்யாவ என்றால் கண்டியில் ஏழைச் சனங்கள் நெருக்கி நெருக்கிக் குடியிருக்கிற பகுதி. நல்ல மழை பெய்தால் பின்வாசல் வழியாக வந்து கட்டிலுக்கு அடியில் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதையெல்லாம் ஒரு பெண் ஏன் முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டும்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றைக்குப் பிடித்த கோபம் லேசில் இறங்கவில்லை.

எதையும் நம்பாத மனுஷன் அவர். தன் குடைக் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி வைத்திருப்பார். யாரும் மாற்றி எடுத்துப் போய்விடக் கூடாதாம். பால்மா டின்னுக்குள்ளே பென்சிலால் கோடு போட்டு வைப்பார், யாராவது எடுத்தால் தெரியுமாம். நில அளவையாளர் தந்த படத்தை மேசையில் விரித்து, அதோடு சண்டைக்குப் போகிறவர் மாதிரி பார்ப்பார். பிறகு காணிக்கே போய்விடுவார். போய், ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நிலத்தில் ஊற்றி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார். ஒருமுறை அந்த அளவையாளரே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் சுண்டிப்போனது. "அவரு வரைஞ்சது சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் தண்ணிகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்குவோம்" என்று சேர் என்னிடம் தமிழில் சொன்னார். ஊற்றியது நான் குடிக்கக் கொண்டுபோன தண்ணீர்.

வீடு கட்ட வருகிறவர்களையும் விடமாட்டார். அவர்கள் மேடத்திடம் வெளிநாட்டில் பார்த்த வீடுகளைப் பற்றி, நீச்சல் தடாகத்தைப் பற்றி ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இவர் இடையில் புகுந்து, "வீட்டில சமைக்கிறது யாரு?" என்று சிங்களத்தில் கேட்பார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மேடம் சிரித்துச் சமாளிப்பார். பிறகு நான் ஏன் சேர் அதைக் கேட்கிறீர்கள் என்று கேட்டபோது, "மத்த எல்லாத்துக்கும் பொய் சொல்லுவாங்க. இதுக்கு மட்டும் பொய் சொல்ல யாரும் தயாரா வர்றதில்ல" என்றார். அப்போது அது எனக்கு வெறும் குசும்பாகத்தான் பட்டது.

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் மகாவலி ஆற்றைப் பார்த்தபடி சரிந்து இறங்குகிற ஒரு காணி. வைத்தியர் தம்பதியினுடையது. மேடம் ஒரு படம் வரைந்தார். அத்தோடு, "பயிற்சிக்கு வந்த பிள்ளையும் ஒன்று வரையட்டும், பார்ப்போம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் சோறு தண்ணீர் மறந்து அதிலேயே கிடந்தேன்.

நான் செய்த பிழையை இப்போது சொல்கிறேன். பணம் உள்ள வீடுகளில் இரண்டு குசினி உண்டு. முன்னால் பளபளவென்று ஒன்று. அதற்குப் பெயர் பென்ரி. அங்கே தேநீர் போடலாம், பழம் வெட்டலாம், வந்தவர்களுக்குக் காட்டலாம். மெய்யான சமையல் பின்னால், மதிலுக்குப் பக்கத்தில், ஒரு இருட்டறையில் நடக்கும். அங்கே வேலைக்கு வருகிற அக்கா நிற்பார். எனக்கு இது தெரியாது. வீடு என்றால் ஒரு குசினி என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் யார் வந்தாலும் நேராகக் குசினிக்குத்தான் வருவார்கள். அம்மா சமைத்துக்கொண்டே பேசுவார், வந்தவர்கள் பலாக்கட்டையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவார்கள். கல்யாணப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். ஆகவே வீட்டிலேயே நல்ல இடத்தை, ஆறு தெரிகிற முன்பக்கத்தை, நான் குசினிக்குக் கொடுத்தேன். வரவேற்பறை அதற்குப் பின்னால், சில படிகள் மேலே. இரண்டுக்கும் நடுவில் ஒரு அரைச் சுவர். சும்மா சுவர் இல்லை. ஆள் உட்காருகிற சுவர். அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து முழங்கால் உயரத்தை நாடா பிடித்து அளந்து, அந்த உயரத்தில் வரைந்தேன். "வீட்டுக்கு அளவெடுக்கிறியா, எனக்குப் பாவாடை தைக்கப் போறியா?" என்று அம்மா சிரித்தார்.

மொடலும் செய்தேன். காகித மட்டையை வெட்டி ஒட்டி, கூரையைக் கழற்றி உள்ளே பார்க்கிற மாதிரி. மேடம் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கண்ணில் அது தெரிந்தது. "இரண்டு குசினி வேண்டாமா?" என்று கேட்டார்தான், ஆனால் கோபமாகக் கேட்கவில்லை. பிறகு வழக்கம்போல மரியதாஸ் சேர் பக்கம் திரும்பினார்.

சேர் என் படத்தின் மேல் ஒரு மெல்லிய தாளை விரித்தார். பென்சிலை எடுத்து, ஆற்றுப் பக்கத்திலிருந்து குசினி வழியாக வரவேற்பறைக்குள் ஒரே ஒரு அம்புக்குறி போட்டார். "பின்னேரமானா காத்து ஆத்துல இருந்து மேல வரும். புகை, தாளிச்ச வாசம் எல்லாம் நேரா ஹோலுக்குள்ள" என்றார். அவ்வளவுதான். மேடம் மொடலைக் கீழே வைத்தார். அடுத்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வாரம் ஒரு அம்புக்குறியில் போய்விட்டது.

நான் விடவில்லை. தாழ்வாரத்தில் அவரை மறித்தேன்.

"சேர், நீங்க அந்தக் காணிக்குப் பின்னேரத்துல போயிருக்கீங்களா?"

"இல்ல."

"போய்ப் பாக்காம எப்படித் தெரியும்? எங்க எல்லாரையும் போய்ப் பாத்தியா, போய்ப் பாத்தியான்னு கேக்குறீங்களே?"

 அவர் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். 

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அளவையாளர் வரைந்த படத்தைக்கூட நம்பாத மனுஷன், ஒரு காற்றை மட்டும் போய்ப் பார்க்காமல் நம்புவாரா? எனக்கு அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. நேற்று வந்த பெண்ணின் படம் மேடத்துக்குப் பிடித்துப்போனது பொறுக்கவில்லையோ? தமிழ் ஆள் என்று தான் ஒருவரே இருந்தால் போதும் என்று நினைத்தாரோ? மஹய்யாவ என்று சொன்னதும் அவர் மழைத் தண்ணீரைப் பற்றிக் கேட்ட விதத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். சந்தேகம் என்பது பல்லில் மாட்டிய நார் மாதிரி. நாக்கு அங்கேயேதான் போகும்.

அடுத்த கிழமை என் மொடலைக் காணவில்லை. குப்பைக்குப் போகட்டும் என்று நான்தான் ஒதுக்கி வைத்தேன். ஆனாலும் காணாமல் போனதும் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். மரியதாஸ் சேர் அதை ஒரு பெரிய பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனதைக் கண்டதாகத் தேநீர் போடுகிற அக்கா சொன்னார். நான் நேரே போய்க் கேட்டேன்.

"எது? அந்த மட்ட வீடா?" என்றார், தலையைத் தூக்காமலே. "அதுல கரப்பான் குடியிருந்துச்சு. எறிஞ்சிட்டேன்."

பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. மற்றவர்களின் பொய்யைப் பிடித்தே பழகியவருக்கு, தான் சொல்லும்போது காது மடல் சிவந்துவிடும். அன்றைக்குச் சிவந்தது. ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன், அப்படியானால் அந்தக் காற்றும் பொய்தான் என்று முடிவு கட்டினேன்.

பயிற்சி முடிந்து வந்துவிட்டேன். படித்து முடித்தேன், இப்போது சொந்தமாக ஒரு சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நான் வரைந்த ஒவ்வொரு வீட்டிலும் பென்ரி முன்னால், குசினி பின்னால். கேட்பதற்கு முன்பே அப்படித்தான் வரைவேன். வந்தவர்கள் சந்தோஷமாகப் போவார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும், மதிலைப் பார்த்த அந்த இருட்டறையை வரையும்போது, பென்சில் நின்று நின்றுதான் நகரும். என் கையை அந்த ஆள் கட்டிப்போட்டுவிட்டார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வரைவேன். அவர் சொன்னது உண்மையென்றால் பரவாயில்லை. பொய்யென்றால், ஒரு பொய்க்காகத்தானே இத்தனை வீட்டுப் பெண்களை நான் மதிலைப் பார்த்து நிற்க வைத்தேன்?

ஒருமுறை கண்டி பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். அதே குடை, சிவப்பு நூல் மட்டும் வெளுத்திருந்தது. நலம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "இப்ப குசினிய எங்க வெக்கிற?" என்றார்.

"பின்னாலதான் சேர். நீங்க சொன்ன மாதிரி."

"நான் எப்ப பின்னால வெக்கச் சொன்னேன்? புகை வரும்னுதான் சொன்னேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டுகஸ்தோட்டை பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையைக்கூட ஆட்டாமல் போய்விட்டார். எரிகிற இடத்தில் மிளகாய்த்தூளைத் தூவிவிட்டுப் போன மாதிரி இருந்தது. அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது.

சாவு வீட்டுக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். அவருடைய வீட்டுக்கு அதற்கு முன் நான் போனதில்லை. அவர் யாரையும் கூப்பிட்டதும் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, ஓட்டோவை விட்டு இறங்கி, வெள்ளைக் கொடி கட்டியிருந்த ஒழுங்கையில் நடந்தேன். உங்களில் பல பேர் வாசலில் நின்றீர்கள். எவ்வளவு நல்ல மனுஷன், எவ்வளவு நேர்மை என்று பேசிக்கொண்டீர்கள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே கூட்டம். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் கிடந்த அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதும் எதையோ நம்பாத முகம்தான். கும்பிட்டுவிட்டு, வழிவிட்டு ஒதுங்கலாம் என்று திரும்பி நடந்தேன். என் கால் தானாகவே படி இறங்கியது. படி இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். பார்க்காமலே அங்கே படி வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. கையை நீட்டினேன். அரைச் சுவர் இருந்தது. அதில் உட்கார்ந்தேன். என் கால்கள் தரையில் சரியாக ஊன்றின, அம்மாவுடைய கால்கள் ஊன்றியிருக்கிற மாதிரி. எதிரே குசினி. குசினிக்கு அப்பால் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் மகாவலி.

அது என் வீடு. குண்டசாலையில் வேண்டாம் என்று தள்ளிய என் வீட்டைக் கட்டுகஸ்தோட்டையில் கட்டி, அதில் குடியிருந்து, அதில் செத்தும் போயிருக்கிறார்.

அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. மலரில் எழுத இது நன்றாக இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன்: எனக்கு வந்தது ஆத்திரம். ஊரே சுற்றி நின்று "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருக்க, நான் அந்தச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, எழும்புங்க சேர், ஒரு கேள்வி இருக்கு, எழும்புங்க என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். படத்தை அலுவலகத்தில் சாகடித்தது இதற்குத்தானா? வைத்தியருக்குப் போயிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்காது என்றா? அப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெரியம்மா, "நல்லா கட்டியிருக்காரு இல்ல? எல்லாம் அவரு மூள" என்றார். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

அதே வீடு, அதே ஆற்றங்கரை; உண்மை தெரிய ஒரே வழி அந்த அடுப்புதான். பற்றவைத்துப் பார்த்தால் புகை எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். உள்ளே வந்தால் அவர் சொன்னது மெய். வராவிட்டால் நிறைந்த சபையில் பொய் சொல்லி என் வீட்டைத் திருடியிருக்கிறார். ஆனால் சாவு வீட்டில் அடுப்பு எரியாதே. பக்கத்து முஸ்லிம் வீட்டிலிருந்துதான் தேநீரும் பணிசும் வந்துகொண்டிருந்தன. அடுப்பு கழுவித் துடைத்து வைத்த மாதிரிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தச் சுவத்துல ஒக்காந்தா முதுகு வலிக்குதா?" என்றார்.

"இல்லம்மா. ஏன்?"

"நான் ஒக்காந்து அளவு குடுத்தது. சரியா இருக்கான்னு கேட்டேன்."

நான் திருட்டைப் பற்றிப் பேசுகிறேன், இவர் முதுகைப் பற்றிக் கேட்கிறார். "முப்பதாம் நாளு பூசைக்கு வீட்டுல சமைப்பாங்க, போய் அடுப்பு எரியும்போது பாரு. அதுக்கு முன்ன அந்த மனுசன வையாத" என்று சொல்லிவிட்டு அம்மா அரிசி களையப் போனார்.

முப்பதாம் நாள் பின்னேரம் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். முற்றத்தில் சமைக்க வைத்திருந்த கற்களெல்லாம் நனைந்துவிட்டதால் பெரிய பானைகளை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காஸ் கிடைக்காத காலத்தில் போட்ட விறகடுப்பு அந்தக் குசினியில் அப்படியே இருந்தது. சேருடைய மனைவி ரோஸ்லின் அக்கா, கறுப்புச் சேலையோடு, வேண்டாம் வேண்டாம் என்று மற்றவர்கள் தடுக்கத் தடுக்க, பானைக்குப் பக்கத்தில் நின்றார். நான் வரவேற்பறையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். ஜன்னலைப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்தேன். பொலிஸ்காரி மாதிரிக் காத்திருந்தேன்.

முதலில் ஒன்றும் வரவில்லை. புகை நேரே மேலே போய்க் கூரையில் படிந்தது.  பொய்தான், பொய்யேதான் என்று மனம் சொல்லியது. அப்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று கிளம்பியது. ஜன்னல் திரை உள்ளே பறந்தது. கூரையில் நின்ற புகை அப்படியே சரிந்து, அரைச் சுவரைத் தாண்டி, படியேறி, நேராக வரவேற்பறைக்குள் வந்தது. கருவாட்டு வாசமும் கூடவே வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் இருமினார்கள். யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். சேர் போட்ட அம்புக்குறி எந்த வழியில் போனதோ, இம்மி பிசகாமல் அதே வழி.

அவர் சொன்னது மெய். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. எழுந்து குசினிக்குப் போனேன். என்னைப் பழைய அலுவலகத்துப் பிள்ளை என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

"எப்பவும் இப்படித்தானா அக்கா?"

"எப்பவும்தாம்மா. பின்னேரமானா போதும். வீட்டுல ஒரு உடுப்பு இல்ல, கருவாட்டு வாசம் இல்லாம." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வீடு கட்டுறதுக்கு முன்னால இதே எடத்துல ஒத்த அறையில இருந்தோம். அடுப்பு இந்தப் பக்கந்தான். அப்பவே புகை உள்ள அடிக்கும். இந்த ஆத்துக் காத்து அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் குசினிய மறுபடி இங்க வெச்சாரு."

போய்ப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று தாழ்வாரத்தில் நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அதே ஆறு. அவர் தினமும் அந்தக் காற்றில்தான் இருமிக்கொண்டிருந்திருக்கிறார். வாயைத் திறந்து அதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

"தெரிஞ்சும் ஏன் அக்கா இங்க வெச்சாரு?"

"நானும் கேட்டேன். சமைக்கிறவ நீ, ஆத்த நீ பாரு, புகைய நான் பாத்துக்கிறேன்னாரு. எங்க பாத்தாரு? இருமிக்கிட்டேதான் இருந்தாரு." அக்கா அகப்பையைப் பானையில் விட்டுக் கிண்டினார். "கட்டும்போது மேசன் பாஸ் கேட்டாரு, இந்தச் சுவர இன்னும் கொஞ்சம் ஒசத்தினா புகை கொறையும்லன்னு. இவரு விடல. இந்த ஒசரம் எதுக்கோ அளந்து வெச்சது, தொடாதன்னு சண்ட போட்டாரு."

நான் அரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்கு அளந்தது என்று சேருக்குத் தெரியாது. நான் அவரிடம் சொன்னதேயில்லை. அம்மாவின் முழங்கால் என்று யாரிடமும் சொன்னதில்லை.

"அலுமாரிக்கு மேல பாருங்க" என்று அக்கா தலையால் காட்டினார். "அது ஒரு மட்ட வீடு. எங்கருந்தோ கொண்டாந்தாரு. ஒவ்வொரு நத்தாருக்கும் எறக்கி, வைக்கல் போட்டு, அதத்தான் குடிலா வெப்பாரு. மாதாவையும் சூசையப்பரையும் ஹோல்ல நிக்க வெச்சிட்டு, பாலன மட்டும் குசினியில படுக்க வெப்பாரு. சாமியாரு வந்து பாத்துட்டுச் சிரிச்சாரு."

அலுமாரிக்கு மேலே, பொலித்தீன் உறையைப் போர்த்திக்கொண்டு, என் மொடல் இருந்தது. கூரையில் ஒரு மூலை கிழிந்து, வேறு மட்டை ஒட்டியிருந்தது. வெட்டிய விளிம்பு கோணல். மற்றவர்களுடைய கோணலை எல்லாம் பிடிக்கிற மனுஷன், தான் வெட்டினால் இப்படித்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பார்த்தாயா, அவர் தங்கமான மனுஷன் என்று உங்களில் யாராவது எனக்குச் சொல்ல வராதீர்கள். கேட்டிருக்கலாம். "உன் வீட்டை நான் கட்டிக்கொள்ளட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு நாள் கூப்பிட்டு அந்தச் சுவரில் உட்கார வைத்து ஒரு கோப்பை தேநீர் தந்திருக்கலாம். கரப்பான் என்று ஏன் பொய் சொன்னார்? வெட்கமா, வீம்பா, வேறு ஏதாவதா? எனக்கு இன்னும் தெரியாது. இனிக் கேட்கவும் முடியாது. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. தீராமல் இருக்கட்டும்.

அவருடைய குடையை ஒருவர் ஞாபகமாகக் கேட்டு வாங்கிப் போனதாகச் சொன்னார்கள். அளவுகோலை இன்னொருவர். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு உரியதை ரோஸ்லின் அக்காவே தந்தார். பானையை மூடிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஆர்க்கிடெக்ட் தானேம்மா? இந்தப் புகைக்கு ஒரு வழி சொல்லுங்களேன்" என்றார். "எத்தன தரம் அவருகிட்ட கேட்டிருப்பேன். நான் கை வெக்க மாட்டேன், அத வரைஞ்ச புள்ள வந்துதான் சரி பண்ணணும்பாரு."

"யாரு அக்கா அந்தப் புள்ள?"

"பேரு சொல்ல மாட்டாரும்மா. பெரிய கோவக்காரி, ஒரு நாளைக்கு வந்து நிப்பா, அப்ப பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லுவாரு." அக்கா விறகை வெளியே இழுத்தார். "இருங்க, அடுப்ப அணச்சிடுறேன். வந்தவங்க எல்லாம் இருமுறாங்க."

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். என் பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தேன்.

"அணைக்காதீங்கக்கா. கொஞ்ச நேரம் எரியட்டும். புகை எங்க திரும்புதுன்னு நான் பாக்கணும்."